திருநர் பெயர் மாற்றம்

திருநர் பெயர் மாற்றம் என்பது, பிறப்பின்போது பதிவு செய்யப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலின அடையாளம் கொண்ட ஒருவர், அவ்வடையாளத்துக்கு ஏற்ற புதிய பெயரொன்றைத் தேர்ந்துகொண்டு, அதனைக் குடும்பத்திலும் சமூகத்திலும் அரசு ஆவணங்களிலும் நிலைநிறுத்தும் செயல்முறை ஆகும். பால் மாற்ற அறுவை சிகிச்சைக்கு முன்போ பின்போ, மருத்துவ சிகிச்சை எதுவும் இன்றியோ இது நிகழலாம்.

இச்செயல்முறை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, புதிய பெயரால் அழைக்கப்படுதல். இரண்டாவது, அப்பெயர் ஆவணங்களில் ஏறுதல். இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நிகழ்வதில்லை. அழைக்கப்படும் பெயருக்கும் ஆவணப் பெயருக்கும் இடையே பல ஆண்டுகள் நீளக்கூடிய இடைவெளியே கல்வி, வேலை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் திருநர் எதிர்கொள்ளும் பல சிக்கல்களுக்கு மூலமாக உள்ளது. இக்கட்டுரை தமிழ்நாட்டு நடைமுறையை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

சொற்கள்

திருநங்கை என்பது பெண் அடையாளம் கொண்ட திருநரையும், திருநம்பி என்பது ஆண் அடையாளம் கொண்ட திருநரையும் குறிக்கும். திருநர் என்பது இருசாராருக்கும் உரிய பொதுச்சொல். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலிலும் இச்சொற்கள் இடம்பெற்றன. இவற்றுக்கு முன்னர் வழங்கிய அரவாணி என்னும் சொல், கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் வணங்கப்படும் அரவானின் பெயரிலிருந்து வந்தது. தனி மனிதரின் பெயரைப் போலவே இச்சமூகத்தின் பெயரும் இழிசொற்களை விலக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கைவிடப்பட்ட பிறப்புப் பெயர் ஆங்கில வழக்கில் டெட்நேம் எனப்படுகிறது. தமிழில் இதனைப் பழைய பெயர் அல்லது முன்னாள் பெயர் எனக் குறிப்பிடுவர்.

தமிழில் பெயரும் பாலும்

தமிழ்ப் பெயர்கள் பலவற்றில் ஈற்றெழுத்தே பாலை உணர்த்துகிறது. செல்வன் - செல்வி, தமிழ்ச்செல்வன் - தமிழ்ச்செல்வி, கண்ணன் - கண்ணம்மா ஆகிய இணைகளில் அடிச்சொல் ஒன்றாக இருக்க, ஈறு மட்டும் மாறுகிறது. மணி, மதி, தமிழ், ஜோதி போன்ற பெயர்கள் இருபாலாருக்கும் வழங்குகின்றன.

பெயரைத் தொடர்ந்து வரும் வினைமுற்றும் பால் காட்டுவது தமிழின் இயல்பு. வந்தான், வந்தாள் என்னும் சொற்களுள் ஒன்றைத் தேர்வதன் மூலம் பேசுபவர் தாம் யாரை எப்பாலினராக ஏற்கிறார் என்பதை வெளிப்படுத்திவிடுகிறார். ஆகவே புதிய பெயரைச் சொல்லிப் பழைய பாலுக்குரிய வினைமுற்றை இணைப்பது அரைகுறை ஏற்பாகவே கருதப்படுகிறது. அவர், வந்தார் என்னும் மரியாதை வடிவங்கள் இருபாலுக்கும் பொதுவாக உள்ளமையால், ஒருவரின் பாலின அடையாளம் தெரியாதபோதும் அவரைப் புண்படுத்தாமல் பேச இவ்வடிவம் துணை செய்கிறது.

இச்சிக்கலைத் தொல்காப்பியமும் கருத்திற் கொண்டுள்ளது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்க இயல், பேடி என்னும் பெயருக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே முடியும் என்றும் விதிக்கிறது. அதாவது, ஆண்மை திரிந்தோரை அஃறிணையில் சேர்க்காமல் உயர்திணையிலேயே வைத்து இலக்கணம் வகுத்துள்ளது.

பெயரைத் தேர்ந்தெடுத்தல்

மூத்தோர் சூட்டும் பெயர்

தமிழ்நாட்டுத் திருநங்கையரின் சமூக அமைப்பு ஜமாத் எனப்படுகிறது. வீட்டை விட்டு வெளியேறிய அல்லது வெளியேற்றப்பட்ட ஒருவரை மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்பார். இவ்வாறு ஏற்கும் சடங்கு ரீத் எனப்படும். ஏற்பவர் அம்மா என்றும், அவருக்கு மூத்தவர் நானி என்றும் அழைக்கப்படுவர். மகளாக ஏற்கப்பட்டவருக்கு இம்மூத்தோர் பெயர் சூட்டுவதும், அவரே விரும்பிய பெயரை மூத்தோர் ஏற்று அழைப்பதும் உண்டு. பிறந்த குடும்பம் மறுத்த பெயருக்கு மாற்றுக் குடும்பம் சாட்சியாக நிற்பதே இவ்வழக்கத்தின் பயன் ஆகும்.

ஆசிரியர் பெயர் சூட்டிய எடுத்துக்காட்டும் உண்டு. மதுரையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு நர்த்தகி என்னும் பெயரை அவருடைய குரு தஞ்சாவூர் கே. பி. கிட்டப்பா பிள்ளை சூட்டினார். ஆடுபவள் என்னும் பொருள் கொண்ட இப்பெயர், பாலினத்தையும் கலையையும் ஒருசேர உணர்த்துவது. இப்பெயரிலேயே அவர் 2019ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தாமே தேர்ந்த பெயர்

திருநம்பியர்க்கு ஜமாத்தை ஒத்த பழமையான அமைப்பு இல்லாமையால், அவர்கள் பெரும்பாலும் தாமாகவே அல்லது நண்பர்கள் துணையுடன் பெயரைத் தேர்கின்றனர். படித்து நகரங்களில் பணிபுரியும் திருநங்கையர் பலரும் இவ்வாறே செய்கின்றனர். தேர்வில் பின்வருவன கருத்திற் கொள்ளப்படுவதுண்டு:

• பிறப்புப் பெயரின் அடிச்சொல்லைத் தக்கவைத்து ஈற்றை மட்டும் மாற்றுதல். இது குடும்பத்தினர் நாவுக்குப் பழக எளிது. எனினும் பழைய பெயரை நினைவூட்டும் எனச் சிலர் இதனைத் தவிர்ப்பர்.
• தமக்கு வழிகாட்டியாக இருந்தவர், மறைந்த பாட்டி அல்லது தாத்தா, விரும்பிய கடவுள், எழுத்தாளர், திரைக்கலைஞர் ஆகியோரின் பெயரைக் கொள்ளுதல்.
• பெண்ணாகவோ ஆணாகவோ பிறந்திருந்தால் வைத்திருக்கக்கூடிய பெயர் எதுவெனப் பெற்றோரிடமே கேட்டல். பெற்றோர் மனம் இசைந்த குடும்பங்களில் மட்டுமே இது இயலும்.
• மணி, மதி போன்ற பொதுப்பெயரைக் கொள்ளுதல்.
• தம் சமயத்துக்கு ஏற்ற பெயரைக் கொள்ளுதல்.

எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான லிவிங் ஸ்மைல் வித்யா 2007ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு நான், வித்யா என்று தலைப்பிட்டார். தான் கொண்ட பெயரை உலகுக்கு அறிவிப்பதாகவே அத்தலைப்பு அமைந்தது.

முதலெழுத்து

தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக இடப்படுகிறது. ஆதலால் தமிழ்நாட்டுத் திருநருக்குப் பெயர் மாற்றத்துடன், முதலெழுத்தை வைத்துக்கொள்வதா என்னும் கேள்வியும் எழுகிறது. தம்மைப் புறக்கணித்த தந்தையின் எழுத்தை நீக்கித் தாய் பெயரின் முதலெழுத்தை இடுவோரும், உறவு முறியவில்லை என்பதன் அடையாளமாகத் தந்தை எழுத்தையே தொடர்வோரும் உள்ளனர். பெயருடன் முதலெழுத்தும் மாறினால், பழைய ஆவணங்களோடு பொருந்தும் கூறுகள் மேலும் குறைந்துவிடுகின்றன.

அரசிதழ் அறிவிப்பு

தமிழ்நாட்டில் எவரும் பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடச் செய்யலாம். இதற்கான விண்ணப்பத்தை எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை ஏற்கிறது. இன்னாரின் மகனான அல்லது மகளான, இந்நாளில் பிறந்த, இம்முகவரியில் வசிக்கும் இன்னார் இனி இப்பெயரால் அறியப்படுவார் என்னும் அமைப்பில் அறிவிப்பு அச்சிடப்படும். திருமணம், எண்கணிதம், சமய மாற்றம் ஆகிய காரணங்களுக்காகப் பெயர் மாற்றுவோருக்கும் இதே நடைமுறைதான்.

திருநரைப் பொறுத்தவரை இவ்வறிவிப்பு இருமுனை கொண்டது. வங்கி, கடவுச்சீட்டு அலுவலகம் முதலியன ஏற்கும் வலுவான சான்றாக இது பயன்படுகிறது. அதே வேளையில் பழைய பெயர், புதிய பெயர், பிறந்த நாள், முகவரி ஆகிய நான்கையும் ஒரே பத்தியில் பொதுவெளியில் நிலையாகப் பதித்து வைக்கிறது. தம் கடந்த காலத்தை அறியாத ஊரில் புதிதாக வாழத் தொடங்கியவருக்கு இது பாதுகாப்புச் சிக்கலாக அமையக்கூடும்.

சட்ட நிலை

இந்திய உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. தம் பாலினத்தைத் தாமே அறுதியிடும் உரிமை திருநருக்கு உண்டு என்றும், அதனை ஏற்க அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்றும் நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோரைக் கொண்ட அமர்வு கூறியது.

பெயர் வேறுபாடு ஒருவரின் வாழ்க்கைத் தொழிலையே தடுக்கக்கூடும் என்பதற்குப் பிரித்திகா யாசினியின் வழக்கு எடுத்துக்காட்டாகும். தமிழ்நாடு காவல்துறை உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் அளித்த விண்ணப்பம் தொடக்கத்தில் ஏற்கப்படவில்லை. அவருடைய பெயர் கல்விச் சான்றிதழ்களில் உள்ள பெயருடன் பொருந்தாமை காரணங்களுள் ஒன்று. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 நவம்பரில் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டு அவர் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார்.

திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2020 சனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இயற்றப்பட்ட வடிவில் இச்சட்டம் பெயர் மாற்றம் தொடர்பாக வகுத்தவை:

• மாவட்ட நடுவரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்றிதழ் பெறலாம். தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரே மாவட்ட நடுவர் ஆவார். 18 வயது நிறையாதவருக்காகப் பெற்றோர் அல்லது காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும்.
• இச்சான்றிதழில் பாலினம் திருநர் எனக் குறிக்கப்படும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் எனக் குறிக்கத் திருத்திய சான்றிதழ் பெறலாம்.
• இவ்விரு சான்றிதழ்களுள் ஒன்றைப் பெற்றவர், பிறப்புச் சான்றிதழிலும் அடையாளம் தொடர்பான பிற அரசு ஆவணங்களிலும் தம் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உடையவர் ஆவார்.

2020ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான விதிகள், அடையாளச் சான்றிதழ் விண்ணப்பத்துடன் உறுதிமொழிப் பத்திரம் இணைக்கப்பட வேண்டும் என்றன. மருத்துவப் பரிசோதனை இன்றி 30 நாட்களுக்குள் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும், ஆவணத்தை வழங்கிய அலுவலகம் பெயர் முதலிய விவரங்களை 15 நாட்களுக்குள் மாற்றித்தர வேண்டும் என்றும் அவை வகுத்தன. அதே ஆண்டு நவம்பரில் இதற்கான தேசிய இணையவாசல் தொடங்கப்பட்டது.

ஆவணங்களின் வரிசை

ஒருவரின் பெயர் ஒரே இடத்தில் பதியப்பட்டிருப்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, வங்கிக் கணக்கு எனப் பல தரவுத்தளங்களில் அது தனித்தனியே உள்ளது. ஒன்றில் மாற்றினால் மற்றவற்றில் தானாக மாறாது. மேலும் ஒன்றை மாற்ற மற்றொன்று சான்றாகக் கேட்கப்படும். கணினித் தரவுத்தளங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், முதலெழுத்து இடம் மாறினாலும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து வேறுபட்டாலும் விண்ணப்பம் திரும்பக்கூடும். எனவே முதல் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்துக்கூட்டலை உறுதி செய்து, எல்லா இடங்களிலும் அதையே பயன்படுத்துவது நன்று.

இவற்றுள் கல்விச் சான்றிதழ்களே மிகக் கடினமானவை எனக் கருதப்படுகின்றன. அவை தேர்ச்சி பெற்ற நாளில் இருந்த பெயரைப் பதிந்த வரலாற்று ஆவணங்கள் என்பது கல்வி அமைப்புகள் வழக்கமாகக் கூறும் காரணம். அவை மாறும்வரை, இரு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என்னும் உறுதிமொழிப் பத்திரத்துடன் ஒருவர் ஒவ்வொரு நேர்காணலுக்கும் செல்ல வேண்டியுள்ளது. தம் பாலின வரலாற்றை முன்பின் அறியாதவரிடம் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது.

ஆவணங்கள் மாற்றப்படாமலே ஒருவர் இறந்தால், இறப்புச் சான்றிதழும் பழைய பெயரிலேயே அமைந்துவிடக்கூடும்.

பழைய பெயரின் பயன்பாடு

தமிழ்ச் செய்தித்தாள்களும் காவல்துறைப் பதிவுகளும் இரு பெயர் உடையோரை "என்கிற" என்னும் சொல்லாலோ அதன் சுருக்கமான (எ) என்னும் குறியாலோ இணைத்து எழுதுவது வழக்கம். திருநரைக் குறித்த செய்திகளிலும் இவ்வழக்கம் இடம்பெறுவதுண்டு. இது புதிய பெயரைப் பட்டப்பெயர் நிலைக்குத் தாழ்த்திப் பழைய பெயரையே உண்மைப் பெயராகக் காட்டுவதாகத் திருநர் செயற்பாட்டாளர்கள் எதிர்க்கின்றனர். பழைய பெயர் என்னவெனக் கேட்பதையும், பழைய ஒளிப்படத்துடன் அதனை வெளியிடுவதையும் அவர்கள் தனிமறைவு மீறலாகக் கருதுகின்றனர்.

குடும்பத்தினர் பழக்கத்தால் தவறிப் பழைய பெயரைச் சொல்வதும், வேண்டுமென்றே சொல்வதும் ஒன்றல்ல. முன்னதில் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்வதே போதுமானது.

மனநலம்

2018ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று பெயருக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ரசலும் அவருடைய குழுவினரும், மூன்று நகரங்களைச் சேர்ந்த 15 முதல் 21 வயதுடைய 129 திருநர் மற்றும் மரபுசாராப் பாலின இளையோரை இதற்கு உட்படுத்தினர். வீடு, பள்ளி, பணியிடம், நண்பர் வட்டம் ஆகிய நான்கில் எத்தனை இடங்களில் தேர்ந்த பெயர் வழங்குகிறது எனக் கேட்கப்பட்டது. அவ்வாறு வழங்கும் இடம் ஒன்று கூடும்போது தற்கொலை எண்ணம் 29 விழுக்காடும், தற்கொலை முயற்சி போன்ற நடத்தை 56 விழுக்காடும் குறைந்து காணப்பட்டன. இது தொடர்பைக் காட்டுவதே அன்றி, பெயர் ஒன்றே காரணம் என நிறுவுவது அன்று. எனினும், செலவின்றி எவரும் செய்யக்கூடிய உதவி இது என்பதனால் இவ்வாய்வு பரவலாக எடுத்தாளப்படுகிறது.

பிற நாடுகளில்

• இலங்கை: 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. உளமருத்துவரின் மதிப்பீட்டின் பின் வழங்கப்படும் இச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்த வழி ஏற்பட்டது.
• அர்கெந்தீனா: 2012ஆம் ஆண்டின் பாலின அடையாளச் சட்டம், நீதிமன்ற ஆணையோ மருத்துவச் சான்றோ இன்றிப் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வழி செய்தது.
• செருமனி: 1980ஆம் ஆண்டின் சட்டம், முதற்பெயரை மட்டும் மாற்றுதல், பாலினப் பதிவையும் மாற்றுதல் என இருநிலைகளை வகுத்து, வல்லுநர் இருவரின் கருத்தையும் நீதிமன்ற ஆணையையும் வேண்டியது. 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு மாற்றாகப் பதிவு அலுவலகத்தில் அளிக்கும் தன்னறிவிப்பைப் போதுமானதாக்கியது.
• கலிபோர்னியா: பெயர் மாற்ற அறிவிப்பைச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும் என்னும் கட்டாயத்திலிருந்து திருநருக்கு 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் விலக்களித்தது. தனிமறைவும் பாதுகாப்பும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

• திருநங்கை
• திருநம்பி
• கூவாகம்
• தமிழர் பெயரிடும் முறை
• தமிழ்நாடு அரசிதழ்