ரோனாவில் ஏறிப்போன பெரிய தாத்தா

குறுவை அறுவடை முடிஞ்சு வயல் காயுது. சம்பாவுக்குத் தண்ணி வர்ற வரைக்கும் கொஞ்சம் ஓய்வு. நாற்று, உரம், மாடு கதையெல்லாம் இந்த வாரம் வேண்டாம். எங்க குடும்பப் பட்டாவுல இன்னும் இருக்கிற ஒரு பேரைப் பத்தி எழுதுறேன். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு கப்பல் இருக்கு.

நாகப்பட்டினத்தைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல தெருவுக்கு ஒரு 'பெனாங்குக்காரர் வீடு' இருக்கும். சென்னையில இருக்கிற உங்களுக்கு நாகப்பட்டினம்னா வேளாங்கண்ணி, நாகூர், சுனாமி இதுதான் ஞாபகம் வரும். எங்க தாத்தா காலத்துல அது கப்பல் ஏறுற ஊர். 1861லேயே தஞ்சாவூர்லேர்ந்து அங்க ரயில் வந்துடுச்சு. ஆனா பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது. கப்பல் நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். வெங்காய மூட்டையும் ஆளும் ஒண்ணா படகுல ஏறிப்போய், அலையில ஆடிக்கிட்டே கப்பலுக்கு மாறணும். அப்புறம் அஞ்சாறு நாள்ல பெனாங்கு.

அந்தக் கப்பல்கள்ல எல்லாருக்கும் தெரிஞ்சது 'ராஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல், 1926ல கட்டினது. மேல்தட்டு ஜனங்கள் மட்டும் 5,000 பேருக்கு மேல ஏத்திக்க அதுக்கு அனுமதி இருந்துச்சு. எங்க பஞ்சாயத்துல இருக்கிற மொத்த ஜனத்தையும் ஏத்தினாலும் இடம் மிச்சம் இருக்கும். அதே வருஷம் அதே கம்பெனி கட்டின இன்னொரு கப்பல் 'ரோனா'. இதுவும் சென்னை, நாகப்பட்டினம், பெனாங்கு, சிங்கப்பூர்னு ஓடினதுதான்.

எங்க தாத்தாவோட அண்ணன் ரோனாவுலதான் போனார். 1937. "நான்தான் படகுல ஏத்திவிட்டேன்"னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பார். அப்ப நெல் விலை விழுந்து கிடந்த காலம். நாகப்பட்டினத்துல நிறைய பேருக்குச் சோறு போட்ட ரயில் பட்டறையும் 1920கள்லேயே பொன்மலைக்குப் போயிடுச்சு. பக்கத்து ஊர் கங்காணி ஒருத்தர் மலாயாவுலேர்ந்து லீவுல வந்தவர், ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுத்தார். தலைக்கு இவ்வளவுன்னு அவருக்குக் கமிஷன். கப்பல் செலவு தோட்டக்காரங்க போட்ட நிதியிலேர்ந்து போகும். முன்னாடி இருந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவுக்கு 1910லேயே நின்னுபோச்சு. அதனால 'ரெண்டு வருஷத்துல வந்துடுறேன்'னு சொல்லித்தான் பெரிய தாத்தா கிளம்பினார். கல்யாணமாகி மூணு வருஷம், பிள்ளை இல்ல. அடுத்த வருஷமே, 1938ல, அங்க கூலியைக் குறைச்சதால நம்ம அரசாங்கம் இந்த மாதிரி ஆள் அனுப்புறதைத் தடுத்துடுச்சு. இவர் போனது கிட்டத்தட்ட கடைசி நேரம்.

அவர் சம்சாரத்தை நாங்க 'பெரிய அப்பாயி'ன்னு கூப்பிடுவோம். 1981ல இறந்தாங்க, எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. சாகுற வரைக்கும் நெத்தியில குங்குமம், கழுத்துல தாலி. "கப்பல் முழுகிப் போச்சு, அதோட அவரும் போயிட்டார்"னு ஊர்ல சொல்லுவாங்க. அப்பாயி அதை ஒத்துக்கல. அவங்க இறந்த அன்னிக்கு வாசல்ல பெரிய சண்டை. சுமங்கலியா எடுக்குறதா, இல்லையான்னு. கடைசியில என் தாத்தா "செத்ததைப் பார்த்தவன் எவன்டா?"ன்னு கேட்டார். பூவும் பொட்டுமாத்தான் தூக்கினோம்.

அவங்க தகரப்பெட்டி இப்ப என்கிட்ட இருக்கு. அதுல பதினோரு மணியார்டர் கூப்பன். பணம் வாங்கிக்கிட்டதும் கிழிச்சுத் தர்ற சின்னத் துண்டு, அதுல ரெண்டு வரி எழுத இடம் இருக்கும். எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒரே சேதி: சுகம், பணம் வாங்கிக்கொள்ளவும், தம்பியை வயலைப் பார்க்கச் சொல்லவும். தபால் முத்திரையில தைப்பிங்னு ஊர் பேரு. கடைசிக் கூப்பன் 1941 அக்டோபர். டிசம்பர்ல ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ள வந்துட்டான். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துச்சு. கப்பலும் நின்னுச்சு, தபாலும் நின்னுச்சு.

அப்ப ஊர்ல சொன்ன 'கப்பல் முழுகின கதை'? அதுவும் முழுப் பொய் இல்ல. ரோனா நெசமாவே முழுகிச்சு. ஆனா வங்காள விரிகுடாவுல இல்ல. சண்டைக்காகப் படையாளுங்களை ஏத்திக்கிட்டு மத்தியதரைக் கடல்ல போறப்ப, 1943 நவம்பர் 26ல, அல்ஜீரியா பக்கம் ஜெர்மன் விமானம் போட்ட குண்டுல போச்சு. அமெரிக்க வீரர்கள் மட்டும் 1,000 பேருக்கு மேல செத்தாங்க. அதுல வேலை பார்த்த மாலுமிகள்ல நம்ம நாட்டு ஆளுங்களும் நிறைய பேர். அந்தச் செய்தி துறைமுகம் துறைமுகமா பரவாம இருக்குமா? கப்பல் பேரைக் கேட்டதும் ஊர் கணக்கு போட்டுடுச்சு. ஆனா கூப்பனைப் பாருங்க. 1941ல மனுஷன் தைப்பிங் பக்கம் தரையில நிக்கிறார். கப்பல் சாவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல.

பின்ன என்ன ஆனார்? என் மச்சான் பையன் கோலாலம்பூர்ல ஓட்டல்ல வேலை பார்க்கிறான். அவனை ஒரு லீவு நாள் தைப்பிங் பக்கம் அனுப்பினேன். இப்ப அங்க ரப்பர் இல்ல, செம்பனைதான். கோயில்ல ஒரு பெரியவர், வயசு தொண்ணூறு தாண்டினவர், சொல்லியிருக்கார்: "எங்க தோட்டத்துலேர்ந்து ஒரு லாரி ஆம்பளைங்களைச் சயாமுக்குக் கொண்டு போனான் தம்பி. பொண்டாட்டி புள்ள கூட இல்லாதவங்கதான் முதல்ல. திரும்பினவங்களை விரல்ல எண்ணிடலாம்."

அதுதான் சயாம் மரண ரயில். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் காட்டுப் பாதை. 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டான். மலாயாத் தோட்டங்கள்லேர்ந்து போன தமிழங்க பல்லாயிரம் பேர் காலராவுலயும் பசியிலயும் செத்தாங்க. தாய்லாந்து காஞ்சனபுரியில வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசையா கல்லறை, ஏறக்குறைய 7,000. பெரும்பாலானதுல பேரு, வயசு, படைப்பிரிவு எல்லாம் இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

பெரிய தாத்தா அந்த லாரியில இருந்தார்னு எழுத்துல ஒரு சாட்சியும் இல்ல. சண்டை முடிஞ்சு ராஜுலா மறுபடி ஓடினப்ப அவர் வரல, கடுதாசியும் வரல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

இப்ப விஷயம் பட்டாவுக்கு வருது. மூணு மா நிலம் கூட்டுப் பட்டா, அவர் பேரும் எங்க தாத்தா பேரும். வாரிசுகள் பேருக்கு மாத்தணும்னு ஒரு ஆபீசுக்குப் போனேன். "இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க"ன்னாங்க. எந்த ஊர் ஆபீஸ்ல போய்க் கேட்கிறது? ஏழு வருஷம் சேதி இல்லாத ஆளை இறந்ததா எடுத்துக்கச் சட்டம் இருக்கு, கோர்ட்டுக்குப் போகணும்னு வக்கீல் சொன்னார். மகன் கடன் வாங்கணும்னு அவசரப்படுறான், அவன் பக்கமும் நியாயம் இருக்கு. தை அறுவடை முடிஞ்சதும் மனு போடுறதுன்னு வீட்ல பேசி முடிச்சிருக்கோம். மனுவுல அவர் கப்பல்ல செத்தார்னு எழுதக் கூடாதுன்னு மட்டும் வக்கீல்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். 1941 அக்டோபர் வரைக்கும் பணம் அனுப்பின மனுஷன்னு எழுதச் சொன்னேன். அந்தப் பதினோரு கூப்பனும் நகல் எடுத்தாச்சு.

ராஜுலாவை 1973ல நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கிச்சு, அப்புறம் உடைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஓடின 'சிதம்பரம்' கப்பல் 1985ல தீப்பிடிச்சதோட அந்த வழியே முடிஞ்சுபோச்சு. இப்ப பெனாங்குக்கு எல்லாரும் விமானம்தான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு தகரப்பெட்டி இருக்கலாம். இருந்தா, பழைய பேப்பர்காரருக்குப் போடுறதுக்கு முன்னாடி மணியார்டர் கூப்பன், கப்பல் சீட்டு, தபால் உறை இருக்கான்னு பாருங்க. முக்கியமா முத்திரையைப் பாருங்க. ஊரும் தேதியும் அதுலதான் இருக்கும். பூதக்கண்ணாடி வச்சு, வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா படிக்கலாம்.