ஹேஸ்டிங்ஸ் நகரின் சதுரங்கப் பெருவிழா

இங்கிலாந்தின் வரலாற்றைக் கற்றோர் ஹேஸ்டிங்ஸ் என்னும் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். 1066ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதி, நோர்மண்டி நாட்டு வில்லியம், ஹரோல்ட் மன்னனை வீழ்த்தி ஆங்கில நாட்டைத் தனதாக்கிக்கொண்ட போர் இப்பெயராலேயே வழங்குகின்றது. உண்மையில் அப்போர் நிகழ்ந்தது நகரிலன்று. அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு மேட்டு நிலத்திலாகும். ஆயினும் பெயர் மட்டும் இக்கடற்கரைப் பட்டினத்துக்கே நிலைத்துவிட்டது. நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அப்போரைப் பற்றியன்று. அதே ஊரில் நூறாண்டுக்கு மேலாக, ஆண்டுதோறும், ஒரு துளி குருதியும் சிந்தாது நடைபெற்றுவரும் வேறொரு போரைப் பற்றியதாகும். அறுபத்து நான்கு கட்டங்களே அதன் களம். முப்பத்திரண்டு காய்களே அதன் படை.

ஹேஸ்டிங்ஸ் சதுரங்கக் கழகம் 1882ஆம் ஆண்டில் அமைந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அக்கழகத்தார் துணிவு மிக்க ஒரு காரியத்தைச் செய்தனர். அக்காலத்துச் சதுரங்க வல்லுநர் அனைவரையும் தம் ஊருக்கு அழைத்தனர். இன்று நகரின் பொது நூலகமாக விளங்கும் பிராசி நிலையத்தில் இருபத்திரண்டு ஆட்டக்காரர் கூடினர். உலக சம்பியன் லாஸ்கர் வந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவரிடம் பட்டத்தை இழந்த முதியவர் ஸ்டைனிட்ஸ் வந்தார். ஜேர்மனியின் தராஷ், ருஷியாவின் சிகோரின் ஆகியோரும் வந்தனர். இவர்களுள் ஒருவரே வெல்வார் என எல்லோரும் எண்ணியிருந்தனர். வென்றவரோ, அமெரிக்காவிலிருந்து வந்த, ஐரோப்பியர் பெரிதும் அறிந்திராத, இருபத்திரண்டு வயது இளைஞர் பில்ஸ்பரி. முதற் சுற்றிலேயே சிகோரினிடம் தோற்ற அவர், இறுதிச் சுற்றுக்கு வரும்போது அரைப் புள்ளியால் முன்னின்றார். அன்று சிகோரின் தம் ஆட்டத்தை வென்றார். பில்ஸ்பரியும் கன்ஸ்பர்க்கை வென்றே ஆகவேண்டிய நிலை. காய்கள் குறைந்து, ஆட்டம் சமமாக முடியும்போலத் தோன்றிய வேளையில், நுணுக்கமான காலாள் நகர்வுகளால் அவர் வெற்றியைப் பறித்தார். அவர் பெற்றது பதினாறரைப் புள்ளி, சிகோரின் பதினாறு, லாஸ்கர் பதினைந்தரை.

முதற்பரிசு இளைஞருக்குச் சென்றாலும், அப்போட்டியின் அழகுப் பரிசு முதியவருக்கே கிடைத்தது. ஸ்டைனிட்ஸ், பார்டலேபன் என்பாருடன் ஆடிய ஆட்டம் இன்றும் சதுரங்க நூல்களிலே போற்றப்படுகின்றது. தோல்வி உறுதியென உணர்ந்த பார்டலேபன், அதனை வாய்திறந்து ஒப்புக்கொள்ளாமலே எழுந்து மண்டபத்தைவிட்டு வெளியேறிவிட்டார். ஆட்டத்தின் நாகரிகம் காய் நகர்த்தும் கையில் மட்டுமன்று, தோல்வியை ஏற்கும் மனத்திலும் இருக்கின்றது என்பதற்கு இஃதோர் எதிர்மறை எடுத்துக்காட்டாகும்.

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், வெற்றி விழாவாக மற்றொரு போட்டி அங்கு நிகழ்ந்தது. கியூபா நாட்டுக் கபபிளாங்கா பதினோர் ஆட்டங்களில் பத்தரைப் புள்ளி பெற்று முதலிடம் எய்தினார். 1920ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இப்போட்டி ஆண்டு விழாவாக மாறியது. நத்தார்ப் பண்டிகைக்குப் பின் தொடங்கிப் புத்தாண்டு கடந்து முடிவதால், ஒவ்வொரு போட்டியும் இரண்டு ஆண்டுகளின் பெயரைச் சுமந்து நிற்கும்.

இவ்விழாவின் தனிச்சிறப்பு யாது? உலகப் புகழ்பெற்ற ஒரு சிலர் தலைமைப் பிரிவில் ஆடிவந்தனர். அதே காலத்தில், தகுதிக்கேற்ப வகுக்கப்பட்ட பல பிரிவுகளில் சாதாரண ஆட்டக்காரர் ஆடினர். ஓய்வுபெற்ற ஆசிரியரும், வங்கி எழுதுவினைஞரும், பள்ளி மாணவரும் தத்தம் ஆட்டம் முடிந்ததும் எழுந்துசென்று, உலக சம்பியனொருவர் நெற்றியைச் சுருக்கிச் சிந்திப்பதை நேரிற் காண முடிந்தது. அறிஞரும் மாணாக்கரும் ஒரே கூரையின்கீழ்க் கூடும் கல்விச்சாலை போன்றதே அது.

1930-31ஆம் ஆண்டுப் போட்டி நம் பகுதியினர்க்குச் சிறப்பாக நினைவுகூரத்தக்கது. பஞ்சாபின் சிற்றூரொன்றிற் பிறந்த மீர் சுல்தான் கான், பெருநிலக்கிழாரான சேர் உமர் ஹயாத் கானுடன் 1929இல் இங்கிலாந்து சென்றவர். அவர் இளமையிற் பயின்றது நம் நாட்டு முறைச் சதுரங்கம். அம்முறையிலே காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். வேறு விதிகளும் மாறுபடும். மேனாட்டு விதிகளைப் பழகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தும், சென்ற ஆண்டிலேயே பிரித்தானிய சம்பியன் பட்டத்தை வென்றார். ஹேஸ்டிங்ஸில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் முன்னாள் உலக சம்பியன் கபபிளாங்கா. பொறுமையால் எதிராளியை மெல்ல மெல்ல இறுக்கி வெல்வதிற் கபபிளாங்காவுக்கு நிகரில்லை என்பர். அந்தக் கலையிலேயே சுல்தான் கான் அவரை வென்றார். அவ்வாண்டு ஒல்லாந்தைச் சேர்ந்த யூவே முதலிடமும், கபபிளாங்கா இரண்டாமிடமும், சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர்.

எண்ணிப் பாருங்கள். அன்று இந்தியா ஆளப்பட்ட நாடு. ஆட்சிமன்றத்திலும் அலுவலகத்திலும் இந்தியனுக்குக் கிட்டாத சமத்துவம், ஒரு சதுரங்கப் பலகையின் முன்னே கிட்டியது. அங்கே இரு பக்கத்துக்கும் காய்கள் பதினாறே. கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. பலகையைவிட்டு எழுந்த பின்னரோ நிலைமை வேறு. 1932இலும் 1933இலும் மீண்டும் பிரித்தானிய சம்பியனான அவர், தாம் துணையாக வந்தவர் நாடு திரும்பியபோது தாமும் திரும்பினார். அதன்பின் உலக அரங்கில் அவரைக் காண முடியவில்லை. 1966இல் பாகிஸ்தானில் அவர் காலமானார். கிராண்ட் மாஸ்டர் என்னும் பட்டத்தை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 2024ஆம் ஆண்டிலேதான், மதிப்புப் பட்டமாக, அவர் பெயருக்கு வழங்கியது. வெற்றிக்கும் அங்கீகாரத்துக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன.

1934-35இல் யூவே, புளோர் ஆகியோருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் ஆங்கிலேயரான சேர் ஜோர்ஜ் தோமஸ். கபபிளாங்காவையும், பின்னாளில் உலக சம்பியனாகிய போத்வின்னிக்கையும் ஒரே போட்டியில் வென்ற பெருமை அவருக்கு உண்டு. பூப்பந்தாட்டத்தில் நாடுகள் போட்டியிடும் தோமஸ் கிண்ணம் இவர் வழங்கியதே என்பது நேயர்களிற் பலருக்கு வியப்பளிக்கலாம்.

பெண்களும் இவ்வரங்கை அணிசெய்தனர். ருஷியாவிற் பிறந்து இளம்பருவத்தில் ஹேஸ்டிங்ஸ் வந்துசேர்ந்த வேரா மென்சிக், இக்கழகத்திலேயே கற்றுத் தேர்ந்து, 1927இல் பெண்களின் முதல் உலக சம்பியனானார். தலைமைப் பிரிவில் ஆடவருடன் அவர் பலமுறை பொருதினார். 1944இல் இலண்டன்மீது வீழ்ந்த ஜேர்மன் பறக்கும் குண்டுக்கு அவர் இரையானார். அப்போர்க் காலத்தில் ஹேஸ்டிங்ஸ் விழாவும் ஐந்து ஆண்டுகள் நடைபெறவில்லை.

போர் முடிந்த ஆண்டிலேயே விழா மீண்டும் தொடங்கியது. 1953-54ஆம் ஆண்டுப் போட்டியில், உலகப் பட்டத்துக்கு மயிரிழையில் தவறிய சோவியத் வீரர் புரொன்ஸ்டைனும், அரசாங்க அலுவலரான ஆங்கிலேயர் அலெக்சாண்டரும் எதிர்ப்பட்டனர். நூற்றிருபது நகர்வுகள் நீண்ட அவ்வாட்டத்தைச் சதுரங்கம் அறியாதோரும் பத்திரிகைகளிற் படித்து வந்தனர். முடிவில் அலெக்சாண்டர் வென்றார். இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்தனர். இந்த அலெக்சாண்டர் போர்க் காலத்தில் ஜேர்மனியரின் மறைமொழிச் செய்திகளை உடைத்தறிந்த குழுவிற் பெரும் பங்காற்றியவர். அப்பணி பலகாலம் மறைபொருளாகவே இருந்தது.

பின்னர் வென்றோரின் வரிசை சதுரங்க வரலாறாகவே அமைந்தது. 1954-55இல் கேரெசும் ஸ்மிஸ்லொவும், 1961-62இல் போத்வின்னிக், 1963-64இல் தால், 1965-66இல் ஸ்பாஸ்கியும் உல்மனும். யூகோஸ்லாவியாவின் கிளிகோரிச் தனித்தும் பகிர்ந்தும் ஐந்து முறை முதலிடம் பெற்றார். 1971-72இல் முதலிடத்தைப் பகிர்ந்த கார்பொவும் கோர்ச்னோயும் பின்னர் 1978இலும் 1981இலும் உலகப் பட்டத்துக்காகக் கடும் பகைவர்போல் மோதினர். கபபிளாங்கா முதற் கார்பொவ் வரை எட்டு உலக சம்பியன்கள் இந்நகரில் முதலிடம் கண்டுள்ளனர். 1992-93இல், பதினாறு வயது ஹங்கேரியப் பெண் ஜூடித் போல்கார், ருஷியரான பரேயெவுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். வேரா மென்சிக் தொடங்கிவைத்த பயணம் அன்று உச்சியை எட்டியது எனலாம்.

காலம் மாறியது. பெரும் பணப்பரிசுள்ள போட்டிகள் பிற நாடுகளிற் பெருகின. உலகின் முதல்வரிசை வீரர்களை அழைக்கும் வசதி இச்சிறு நகருக்குக் குறைந்தது. எனவே 2005-06 முதல் தலைமைப் பிரிவு யாவர்க்கும் திறந்த போட்டியாக நடத்தப்படலாயிற்று. இதனை வீழ்ச்சியென்று கூறுவோர் உளர். சிலருக்கே திறந்திருந்த கதவு பலருக்குத் திறந்ததென்று கொள்வதே பொருந்தும். அம்மாற்றத்துக்கு முன்னரே, 2000-01இல், சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணன் சசிகிரண் அங்கு முதலிடம் பெற்றிருந்தார். திறந்த போட்டியான பின், 2019-20இல், தமிழ்நாட்டு வீரர் மகேஷ் சந்திரன் வென்றார். சுல்தான் கான் தனியே நடந்த வழி இன்று பலர் நடக்கும் பெருவழியாயிற்று. 2020ஆம் ஆண்டின் இறுதியிலே பெருநோயால் தடைப்பட்ட விழாவும் பின்னர் மீண்டும் நடைபெறலாயிற்று.

ஒரு நகரின் பெருமை அதன் பரப்பளவிலோ செல்வத்திலோ மட்டும் தங்குவதன்று. நல்லதொரு வழக்கத்தைத் தொடங்குவது எளிது. தலைமுறை தலைமுறையாகக் கைவிடாது காப்பது அரிது. தலைவர் மாறுவர், செயலாளர் மாறுவர், பணம் ஓராண்டு இருக்கும், மற்றோராண்டு இராது. எனினும் மேசையை விரித்துப் பலகையை வைத்துக் கடிகாரத்தை முடுக்க யாரேனும் சிலர் ஆண்டுதோறும் முன்வருகின்றனர். அவர்களின் பெயர்கள் வென்றோர் பட்டியலில் இல்லை. அவர்களின்றி அப்பட்டியலும் இல்லை. நம் ஊர்களிலுள்ள வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இதுவேயாகும்.