தம்மாம்: வெயில் தணிந்த பின்னும் சுடும் சுவர்கள்

சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத் தலைநகரான தம்மாமில் கோடைக்காலத்தில், வெயில் மறைந்த பிறகே பல பழைய கட்டடங்களின் உட்சுவர்கள் சுடத் தொடங்குகின்றன. பகல் முழுவதும் கட்டுமானத் தளங்களில் உழைத்துவிட்டு அறைக்குத் திரும்பும் தொழிலாளர்கள், தமிழர்கள் உட்பட, நன்கறிந்த அனுபவம் இது. திடப்பொருட்களின் ஊடாக வெப்பம் கடந்து செல்லும் விதமே இதற்குக் காரணம்.

திடப்பொருளில் அணுக்கள் இடம்பெயர்வதில்லை. தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சூடேறிய பக்கத்தில் இருக்கும் அணுக்கள் கூடுதல் வேகத்துடன் அதிர்ந்து, அந்த அதிர்வை அண்டை அணுக்களுக்குக் கைமாற்றுகின்றன. வெப்பக் கடத்தல் எனப்படுவது இதுதான். உலோகங்களில் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்களும் இந்த வேலையில் சேர்ந்துகொள்வதால் அங்கு வெப்பம் மிக விரைவாகப் பரவுகிறது. ஆயினும் எலக்ட்ரான்கள் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. மின்சாரத்தைக் கடத்தாத வைரம், அணுக்கட்டமைப்பின் உறுதி காரணமாக, தாமிரத்தைவிடச் சுமார் ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது.

இதற்கான கணித விதியை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே. 1798 ஆம் ஆண்டு நெப்போலியனின் படையெடுப்புடன் எகிப்துக்குச் சென்றிருந்த அவர், வெப்பம் பற்றிய தமது நூலை 1822 இல் வெளியிட்டார். ஒரு சுவரைக் கடக்கும் வெப்பத்தின் அளவு, சுவரின் பரப்பும் இருபுற வெப்பநிலை வேறுபாடும் கூடக் கூட அதிகரிக்கும், தடிமன் கூடினால் குறையும் என்பதே அந்த விதியின் சாரம். எஞ்சியிருப்பது பொருளின் குணம். வெப்பத்தைக் கடத்தும் திறன், வழக்கமான அலகில், தாமிரத்துக்குச் சுமார் 400, சாதாரண எஃகுக்கு 50, கான்கிரீட்டுக்கு 1.4 அளவில் இருக்கிறது. பாலிஸ்டைரின் நுரைப் பலகைக்கோ அது வெறும் 0.035 தான்.

வெயிலில் கிடக்கும் முறுக்குக் கம்பியைத் தொட்டால் கை பொசுங்குவதும், அருகில் அதே வெப்பநிலையில் கிடக்கும் மரப்பலகையைத் தொட முடிவதும் இந்த வேறுபாட்டினால்தான். கம்பி தனது உட்புற வெப்பத்தையும் உடனுக்குடன் தோலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மரம் அப்படிச் செய்வதில்லை. கம்பி கட்டும் தொழிலாளர்களுக்குக் கையுறை வெறும் சம்பிரதாயம் அல்ல.

தாமதமாக வரும் வெப்பம்

20 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவரின் வெளிப்புறம் 60 டிகிரி செல்சியஸ், உட்புறம் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே நிலை நீடித்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 245 வாட் வெப்பம் உள்ளே வரும். பத்து சதுர மீட்டர் சுவர் என்றால், அறைக்குள் இரண்டு பெரிய மின் அடுப்புகளை எரியவிட்டதற்குச் சமம். அதே சுவரில் 5 சென்டிமீட்டர் நுரைப் பலகையைச் சேர்த்தால், இது சுமார் 22 வாட்டாகக் குறைந்துவிடுகிறது.

ஆனால் வெயில் ஒரே நிலையில் நிற்பதில்லை. கான்கிரீட் முதலில் தான் சூடேற வேண்டியிருப்பதால், அத்தகைய சுவரின் வெளிப்புறத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு உச்சத்தை எட்டும் வெப்பம், உட்புறத்தை அடைய ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். அதாவது இரவு எட்டரை மணி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யச் சவுதி அரசு தடை விதித்துள்ளது. தொழிலாளர்களை நேரடி வெயிலிலிருந்து அது காக்கிறது. அதே நேரத்தில் அவர்களது தங்குமிடத்தின் சுவர் சேமித்துக்கொள்ளும் வெப்பத்திடமிருந்து அது காப்பதில்லை.

அந்த வட்டாரத்தின் பழைய வீடுகள் இதை வேறு விதமாகச் சமாளித்தன. அருகிலுள்ள கத்தீஃப், தாரூத் பகுதிகளில் பவளக்கல்லால் கட்டினார்கள். அதன் நுண்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்துக்குத் தடையாக நின்றது. தமிழகத்து மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, அதன் மீது தட்டோடு பதித்ததிலும் ஓரளவு இதே பலன் கிடைத்தது. ஓட்டைக் காற்றுக்கு ஈடான மலிவான காப்பு இன்றும் குறைவு.

சவுதியில் புதிய கட்டடங்களுக்கு வெப்பக் காப்பைக் கட்டாயமாக்கும் அரச ஆணை 2010 இல் வந்தது. பின்னர் மின் இணைப்பு பெறுவதும் அதனுடன் பிணைக்கப்பட்டது. அதற்கு முன் எழுந்த கட்டடங்களில் குளிர்சாதனப் பெட்டிதான் ஒரே பதில். மின் கட்டணமும் அதற்கேற்பவே.

காப்புப் பலகை வைத்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. பலகைகளை ஊடறுத்துச் செல்லும் எஃகுச் சட்டங்களும் கான்கிரீட் தூண்களும் வெப்பத்துக்குக் குறுக்குவழியாகின்றன. எஃகுத் தகடுகளுக்கிடையே நுரை நிரப்பிய போர்ட்டா கேபின்களில் இக்குறை அதிகம். அந்த நுரை பல வேளைகளில் தீப்பற்றக்கூடியதும் ஆகும்.

தம்மாமைப் பொறுத்தவரை ஈரப்பதமே பெரிய எதிரி. அதை அடுத்துள்ள தஹ்ரானில் 2003 ஜூலை 8 ஆம் தேதி பனிநிலை வெப்பம் 35 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. உலகில் பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவாக அது குறிப்பிடப்படுகிறது. நீர், அசையாக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனவே கடற்காற்றின் ஈரம் புகுந்து நனைந்துவிட்ட கம்பளிக் காப்பு தன் திறனைப் பெருமளவு இழந்துவிடுகிறது. ஈரத்தைத் தடுக்கும் படலத்தைக் குளிர்நாடுகளில் சுவரின் உட்புறமாக வைப்பது வழக்கம். வளைகுடாவில், குளிரூட்டப்பட்ட அறைகளுக்கு, அதை வெளிப்புறமாக வைக்க வேண்டும்.