ஒரு தச்சரின் கடிகாரமும் மூன்று புத்தகங்களும்

லாபி கடிகாரம் ஏழு நிமிடம் தாமதமாக ஓடுவது பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். அதனால் நமக்குத் தவறுவது பள்ளி வேன் மட்டும்தான். 18ஆம் நூற்றாண்டு மாலுமிக்கு நான்கு நிமிடப் பிழை என்றாலே ஒரு பாகைத் தீர்க்கரேகை தவறிவிடும்; நிலநடுக்கோட்டருகே அது சுமார் 111 கிலோமீட்டர். பாறையில் மோதி மூழ்கிய கப்பல்கள் ஏராளம்.

புறப்பட்ட ஊரின் நேரம் கையில் இருந்தால், சூரியனைப் பார்த்து அறியும் உள்ளூர் நேரத்தோடு ஒப்பிட்டு இருக்குமிடத்தைக் கணக்கிடலாம். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரியாக ஓடாதே! 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்குத் தீர்வு காண்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் அதற்காக வாழ்நாளையே கொடுத்தார். அவருடைய நான்காவது கடிகாரம் சுமார் 13 சென்டிமீட்டர் அகலம்தான். 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட அது, 81 நாளில் சுமார் 5 விநாடி மட்டுமே பின்தங்கியது. அப்படியும் பணத்துக்காக அவர் 80 வயது வரை போராட வேண்டியிருந்தது.

இந்தக் கதையை டாவா சோபல் 1995இல் 'லாங்கிட்யூட்' என்ற சிறிய நூலாக எழுதினார். முதலில் இதைப் படியுங்கள். பல்சக்கரம் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். எனக்கு ஒரு குறை உண்டு. வானியலாளர் மாஸ்கெலினை அவர் வில்லனாக்கிவிட்டார். "இன்னொருவராலும் இதைச் செய்ய முடியுமா?" என்று பரிசுக் குழு கேட்டது நியாயமான கேள்வி. நிலவை வைத்துக் கணக்கிடும் மாஸ்கெலினின் முறையும் கடலில் பயன்பட்டது. அந்தக் காலத்தில் அப்படியொரு கடிகாரம் எத்தனை கேப்டன்களுக்குக் கட்டுபடியாகும்?

அடுத்து, டேவிட் லாண்டஸின் 'ரெவல்யூஷன் இன் டைம்' (1983). சீனத்து நீர்க்கடிகாரத்திலிருந்து குவார்ட்ஸ் வரை போகும் தடிமனான புத்தகம். மெதுவாகப் படிக்கலாம்.

மூன்றாவது, கடற்படை அதிகாரி ரூபர்ட் கூல்டின் 'தி மரைன் க்ரோனோமீட்டர்' (1923). ஆர்வம் முற்றியவர்களுக்கு. ஹாரிசனின் கடிகாரங்கள் கிரீன்விச்சில் களிம்பேறிக் கிடந்ததை 1920இல் பார்த்தவர் இவர். பத்தாண்டுக்கு மேல் உழைத்துத் தன் கையாலேயே அவற்றைப் பழுதுபார்த்தார். முதல் மூன்றும் மறுபடி ஓடின. நான்காவதை மட்டும் தேய்ந்துவிடும் என்று ஓடவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

சோபலின் புத்தகம் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் பி பிளாக் செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதி வையுங்கள்.