ராயபுரத்தில் ஒரு காலை நடை

1/ ஞாயிறு காலை ரெண்டு மணி நேரம் இருக்கா? ராயபுரம் வாங்க, நடந்தே 1782 வரை போயிடலாம்.

2/ முதல்ல ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பழைய கட்டடம் இன்னும் நிக்குது.

3/ அடுத்து, மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னி கோயில், 1910. பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியிலிருந்தே பாருங்க.

4/ கடைசியா ஸ்டான்லி மருத்துவமனை. ஹைதர் அலி போர்க்காலத்தில், 1782 பஞ்சத்தில், பசியோட வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரம்தான் இதோட வேர்.

5/ ஸ்டான்லி ஒரு கவர்னர் பேரு. ஆனா வயசானவங்க இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்வாங்க. காசநோய் மாத்திரை எழுதும்போது, "வீட்ல சாப்பாடு இருக்கா?"ன்னும் கேக்கணும்னு அந்தப் பேரு எனக்கு ஞாபகப்படுத்துது.