கம்மாணச்சேரியும் கருவிக் கொட்டகையும்

தஞ்சைத் தரணியின் வரலாறு என்றால் அணையையும் ஆலயத்தையும் பேசுகிறோம். கலப்பைக்குக் கொழு அடித்த பட்டறையை யாரும் பேசுவதில்லை. இன்று நான் அதனைப் பேச விழைகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களின் நிலக்கணக்கு அதன் கல்வெட்டுகளில் இருக்கிறது. வரியில்லா நிலங்களைக் கழிக்குமிடத்தில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் வருகிறது. கம்மாளர் குடியிருந்த பகுதி அது. நத்தம் வேறு, அது வேறு. இப்பிரிவினைக்குச் சாதியே முதற் காரணம். அதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் கீற்றுக் கூரையும் வைக்கோற் போரும் மலிந்த ஊரில், உலை எட்ட இருந்தது தீக்கு ஒரு காப்பாகவும் அமைந்திருக்கும் என்பது என் கருத்து. சம்மட்டி, குறடு, அரம், துருத்தி என்று கருவிகளும் சிலவே. ஆள்பவன் ஒருவன் ஆகையால், எது எங்கே என்பதை அவன் கையே அறியும்.

1960-61-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் இந்தியாவில் முதலில் ஏழு மாவட்டங்களில் தொடங்கப்பெற்றது. அவற்றுள் தஞ்சை ஒன்று. இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளும் அன்று தஞ்சையைச் சேர்ந்தவையே. அக்காலத்தில் உரமும் பூச்சி மருந்தும் எண்ணெய் எஞ்சினும் டிராக்டரும் பெருகின. அவை குடியேறிய இடமோ பழைய மாட்டுக் கொட்டகை! விதை நெல்லுக்கு அருகில் மருந்து டப்பா. வைக்கோலுக்கு அருகில் டீசல் பீப்பாய். ஆடுதுறை 27 போன்ற குறுகிய காலக் குறுவை நெல் வந்தபின் அறுவடை மழையோடு போட்டியிட்டது. அவசரத்தில் கழற்றிய காப்புத் தகட்டைத் திரும்ப மாட்ட யாருக்குப் பொழுது இருக்கும்?

நஞ்சையும் உணவையும் ஒருங்கே வைப்பதன் விளைவை 1958-இல் கேரளம் கண்டது. பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பத்தாண்டு கழித்தே, 1968-இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. வட இந்தியக் கோதுமை நாட்டில் கதிரடிக்கும் பொறிகள் பலருடைய கைகளைப் பறித்தன. அதற்கும் சட்டம் பின்னரே வந்தது: 1983-ஆம் ஆண்டின் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம். கதிரை ஊட்டும் வாய் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கவேண்டுமென்று இந்தியத் தரவிதி கூறுகிறது. ஏன் அந்த அளவு? மனிதன் கை அதனினும் குட்டை; எட்டி நீட்டினாலும் உருளையைத் தொடாது.

இன்று நல்ல பண்ணைக் கொட்டகை எனில், மருந்துக்குப் பூட்டுள்ள தனியறை இருக்கும். டீசல் வெளியே நிழலில் இருக்கும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டமாட்டார்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. டிராக்டரின் சுழல்தண்டுக்கு உறை இருக்கும். தொங்கும் துண்டுடன் எவரும் அதனருகே செல்லார். சுவரில் ஒவ்வொரு கருவியின் வடிவமும் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கும். கருவியை அதன் உருவின்மேல் மாட்டுவர். பழுது பார்த்த பொறியை முடுக்குமுன் அந்தச் சுவரை நோக்குவார்கள். ஸ்பானரின் இடம் வெறுமையாய்த் தெரிந்தால், அது பொறிக்குள்ளே கிடக்கிறதா என்று முதலில் தேடுவார்கள்.