ஃபிஸ்குல்தூரா: வயலுக்குப் போன சொல்

‘ஃபிஸீச்செஸ்கயா குல்தூரா’, அதாவது உடற்பண்பாடு என்ற ருஷ்யத் தொடரை வெட்டி ஒட்டிச் செய்த சொல் ஃபிஸ்குல்தூரா. கொம்சமோல் (கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கம்), கொல்கோஸ் (கூட்டுப்பண்ணை) ஆகியவையும் அதே சோவியத் பட்டறையில் பிறந்தவைதாம். ஆங்கிலத்திலிருந்து போன ‘ஸ்போர்ட்’ வேறு, இது வேறு. ஸ்போர்ட் என்றால் போட்டி. ஃபிஸ்குல்தூராவில் காலைப் பயிற்சி, குளியல், காற்றோட்டம், உறக்கம் எல்லாம் அடக்கம். 1920களில் சுகாதாரத் துறையினர் இதை வளர்த்தார்கள். போட்டியை முதலாளித்துவப் பழக்கமென்று ஒதுக்கியவர்களும் அப்போது இருந்தார்கள்.

1931இல் ‘உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் ஆயத்தம்’ என்ற தேர்வுமுறை வந்தது. ஓட்டம், நீச்சல், பனிச்சறுக்கு, துப்பாக்கி சுடுதல், கையெறிகுண்டு வீச்சு ஆகியவற்றில் குறித்த அளவை எட்டியவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கிடைத்தது. சொல்லின் பொருள் சுகாதாரத்திலிருந்து படைப்பயிற்சியின் பக்கம் சாய்ந்தது இங்கேதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கிராமங்களில் ஆண்கள் குறைவு. 1946–47இல் பஞ்சம் வேறு. இந்த நிலையில்தான் 1948 டிசம்பரில் கட்சியின் மத்தியக் குழு, உடற்பண்பாட்டை நாடெங்கும் வெகுமக்கள் இயக்கமாக்க வேண்டும், முக்கிய விளையாட்டுகளில் விரைவில் உலக முதலிடம் பெற வேண்டும் என்று ஒரே தீர்மானத்தில் சொன்னது. இரண்டும் ஒன்றோடொன்று இழுபறியானவை. முதலிடத்துக்குப் பொறுக்கியெடுத்த சிலர் போதும். வெகுமக்களுக்கு ஊர்தோறும் திடலும் பயிற்றுநரும் வேண்டும். கூட்டுப்பண்ணையில் அவை அரிது. மேலிருந்து இலக்கு வந்ததால், வில்லை வாங்கியோர் கணக்கு பல இடங்களில் தாளில் மட்டும் ஏறியது.

1950களில் கிராமப்புறத்துக்கென்று தனி விளையாட்டுச் சங்கங்கள் அமைந்தன. சொல்லாராய்ச்சிக்கு விருந்து அவற்றின் பெயர்கள். ருஷ்யாவில் ‘உரஜாய்’ (அறுவடை), உக்ரைனில் ‘கோலஸ்’ (கதிர்), லாத்வியாவில் ‘வார்ப்பா’ (அதுவும் கதிர்தான்), உஸ்பெகிஸ்தானில் ‘பாக்தகோர்’ (பருத்தி விளைவிப்பவர்). நகரத்துச் சங்கங்கள் ‘தினமோ’ (மின்னாக்கி), ‘லோகோமோத்திவ்’ (ரயில் எஞ்சின்) என்று இயந்திரப் பெயர் சூடியிருக்க, கிராமத்துக்குப் பயிரின் பெயர் வந்தது.

கருவிகளில் ஊரோடு ஒட்டியது கீர்யா. கைப்பிடி வைத்த இந்த இரும்புக் குண்டு முதலில் சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல். அளவு பூது, ஒரு பூது ஏறத்தாழ 16 கிலோ. நிறுவை முடிந்ததும் இளைஞர்கள் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பலம் காட்டுவது பழைய வழக்கம். திடலும் பயிற்றுநரும் கேளாத விளையாட்டு என்பதால் போருக்குப் பிறகு கிராமப் போட்டிகளில் அது எளிதாக இடம் பிடித்தது. மெட்ரிக் அளவு வந்தும் குண்டுகள் 16, 24, 32 கிலோவாகவே வார்க்கப்பட்டன: ஒன்று, ஒன்றரை, இரண்டு பூது. 1985இல் லிப்பெத்ஸ்க் நகரில் இதற்கு முதல் சோவியத் சாம்பியன் போட்டி நடந்தது. தீர்மானங்களால் வந்த எதையும்விட, கிராமம் ஏற்கெனவே கையில் வைத்திருந்த இந்த எடைக்கல்லே நன்றாக வேர்விட்டது.

ஃபிஸ்குல்தூராவின் கிளைச்சொற்களும் பல. அதில் ஈடுபடுபவர் ‘ஃபிஸ்குல்தூர்னிக்’. 1939 முதல் அவருக்கென்று ஆண்டுதோறும் ஒரு விழாநாள் உண்டு. வகுப்பின் நடுவே பிள்ளைகள் எழுந்து கைகால் நீட்டும் சில நிமிடங்கள் ‘ஃபிஸ்குல்த்மினூத்கா’. பள்ளிப் பிள்ளைகளின் பேச்சில் உடற்பயிற்சிப் பாடவேளை ‘ஃபிஸ்ரா’ என்று தேய்ந்துவிட்டது. 1931இல் வந்த தேர்வுமுறை சோவியத் ஒன்றியத்தோடு மறைந்து, 2014இல் பழைய பெயரிலேயே ருஷ்யாவில் திரும்பியது. பாக்தகோர் இப்போது தாஷ்கண்ட் கால்பந்து அணியின் பெயர்.